பச்சோந்தி முட்டைக்குச் சூடு வேண்டுமா, குளிர் வேண்டுமா?

12 பிப்ரவரி 2022 – மலேசியா, கிள்ளான் வாசகரின் கேள்வி

என் வெயில்ட் பச்சோந்தி இம்மாதம் 8-ஆம் தேதி 41 முட்டைகள் இட்டது. நான் ஆண் பச்சோந்தி வளர்க்கவில்லை; ஆண் இல்லாமல் இட்ட முட்டை பொரியுமா? இதையே மூன்று மாதங்களுக்கு முன்புதான், வளர்ந்த நிலையில், ஒருவரிடமிருந்து வாங்கினேன். படிக்கும் குறிப்புகள் எல்லாம் சூடேற்றும் அடைகாப்பான் வாங்கச் சொல்கின்றன. நம் நாடே ஓர் அடைகாப்பான்தானே, சமையலறை அலமாரியில் வைத்தால் தானாகவே பொரிந்துவிடாதா, அண்ணா?

செந்தூல் பள்ளி ஆசிரியரின் பதில் குறிப்புகள்

12 பிப்ரவரி 2022, இரவு

நாடே அடைகாப்பான் என்று 2020-இல் நானும் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு 34 முட்டைகளைக் காவு கொடுத்தேன். அந்த ஆண்டு பிப்ரவரிக் கடைசியில் என் பச்சோந்தி முட்டையிட்டபோது வீட்டில் வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் இலேசான கனிமத் துகள்) இல்லை. சுங்கை பூலோ நாற்றங்கால்களுக்கு நிதானமாகப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணி, முட்டைகளைத் தேங்காய் நார்த்தூளில் தற்காலிகமாகப் புதைத்து, குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் வைத்தேன். மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, தற்காலிகம் நிரந்தரமாயிற்று. எங்கள் வீடு அடுக்குமாடியின் கடைசித் தளம். ஒரு பிற்பகலில் அந்த இடத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 34 பாகை காட்டியது. குளிர்சாதனப் பெட்டி தன் வயிற்றைக் குளிரவைப்பதற்காக வெளியே தள்ளும் சூடு அங்கேதான் சேரும் என்பது, நான்காம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் நடத்தும் எனக்கு, அதற்குப் பிறகுதான் உறைத்தது. மே மாதத்திற்குள் எல்லா முட்டைகளும் மஞ்சளாகிக் குழிவிழுந்துவிட்டன.

ஆகவே தம்பி, அலமாரி வேண்டாம். இந்த வகைக்குச் சொந்த மண் ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும். அங்கே வெயில் கடுமையானதுதான். ஆனால் தாய் முட்டையை வெயிலில் வைப்பதில்லை, ஈர மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டுப் போகிறது. பெயரில் வெயில் இருக்கிறதே தவிர முட்டைக்கு வெயில் ஆகாது. 24 முதல் 28 பாகை வரை, அதுவும் அதிகம் ஏறி இறங்காமல் இருந்தால் போதும். குறிப்புகளை எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்கள் 18 பாகையிலிருந்து மேலே ஏற வழி சொல்கிறார்கள். நாமோ 31 பாகையிலிருந்து கீழே இறங்க வழி தேடுகிறோம்.

13 பிப்ரவரி 2022

என்னிடமும் இப்போது முட்டைகள் இருக்கின்றன. ஜனவரி 30-ஆம் தேதி இட்டவை, மொத்தம் 38. இந்த முறை இரண்டு பெட்டிகளாகப் பிரித்திருக்கிறேன். முதல் பெட்டியில் 20 முட்டைகள். அது பழைய ஒயின் குளிர்பெட்டி ஒன்றினுள் இருக்கிறது. அந்தப் பெட்டி தானாக விட்டால் 18 பாகைக்கு இறங்கிவிடும் என்பதால், வெப்பநிலை 26-ஐத் தாண்டினால் மட்டும் மின்சாரம் பாயும்படி ஒரு தெர்மோஸ்டாட்டை இடையில் மாட்டியிருக்கிறேன். இரண்டாம் பெட்டியில் 18 முட்டைகள்; மீன் சந்தையில் கேட்டு வாங்கிய பாலிஸ்டிரீன் பெட்டிக்குள், இரண்டு தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவே, படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் தரையோடு தரையாக இருக்கிறது. இரவில் அந்த அறையில் குளிரூட்டி ஓடும். இரண்டாம் பெட்டி தேறாது என்பது என் கணிப்பு. ஆயினும் குளிர்பெட்டி வாங்க வசதியில்லாத ஒருவருக்கு விடை கிடைக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

முட்டைகள் உரித்த வெள்ளைப்பூண்டுப் பல் போலிருக்கும். வெர்மிகுலைட்டும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதில் விரலால் குழி செய்து, பாதி முட்டை வெளியே தெரியுமாறு பதியுங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் மென்மையான பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். இனி எப்போது எடுத்தாலும் புள்ளி மேலேயே இருக்கவேண்டும். முட்டையைப் புரட்டக் கூடாது. கோழி தன் முட்டையைப் புரட்டும், பச்சோந்தி புரட்டாது.

14 பிப்ரவரி 2022

நேற்று எழுதியதில் ஒரு பெரும்பிழை. சம அளவு அன்று, சம எடை. வெர்மிகுலைட் பஞ்சு போன்றது; ஒரு லிட்டர் குவளை நிறைய அள்ளினாலும் ஏறத்தாழ நூறு கிராம்தான் தேறும். அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் முட்டை மூழ்கிப்போகும். நூறு கிராமுக்கு நூறு கிராம் தண்ணீர், அதற்குச் சற்றுக் குறைந்தாலும் தவறில்லை. கையில் அள்ளி இறுகப் பிழிந்தால் ஒரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. யாரேனும் நேற்றே கலந்திருந்தால் ஒரு தட்டில் பரப்பிக் காற்றாட விடுங்கள்.

மூடியைப் போட்ட பிறகு பெட்டி முழுவதையும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை மூடியின் மீதே எழுதிவிடுங்கள். என் முதல் பெட்டி 412 கிராம். மாதம் ஒருமுறை நிறுத்து, குறைந்த கிராம் அளவுக்கு மட்டும் தண்ணீரை ஓரமாக விட்டால் போதும். முட்டையின் மீது விடக் கூடாது. விரலால் தொட்டு ஈரம் பார்ப்பவர்கள் எல்லாரும் அதிகமாகவே ஊற்றுகிறார்கள். நான் ஊற்றியவன்.

14 பிப்ரவரி 2022, மாலை

ஆண் இல்லாமல் இட்ட முட்டை பொரியுமா என்ற கேள்விக்கு விடை சொல்ல மறந்துவிட்டேன். இந்த வகையில் பெண், ஆணைக் காணாமலேயே முட்டையிடும். அவை கூமுட்டைகள், ஒருநாளும் பொரியா. ஆனால் ஒருமுறை இணைசேர்ந்த பெண் அந்த விந்தை உடலில் தேக்கிவைத்து அடுத்த ஈட்டிற்கும் பயன்படுத்தக்கூடும். நீங்கள் வாங்குவதற்கு முன் அது எங்கே, யாருடன் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே கூமுட்டை என்று இப்போதே தீர்ப்பெழுத வேண்டாம்.

தாயைப் பற்றியும் ஒரு சொல். 41 முட்டை இட்ட உடம்பு வற்றிப்போயிருக்கும். தண்ணீரும் கால்சியம் தூவிய இரையும் கொடுங்கள். அடுத்த முறைக்கு, ஓர் அடி ஆழத்திற்கு ஈர மணல் நிரப்பிய தொட்டியை முன்கூட்டியே வைத்து, அது தோண்டும்போது எட்டிப் பார்க்காதீர்கள். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதியில் விட்டுவிடும். முட்டை வயிற்றிலேயே தங்கினால் உயிருக்கு ஆபத்து.

19 மார்ச் 2022

பூசணம். இரண்டாம் பெட்டியில் ஐந்து முட்டைகள் மஞ்சளாகிச் சாம்பல் நிற மயிர் முளைத்தாற்போல் ஆகிவிட்டன. முதல் பெட்டியில் இரண்டு. கெட்டதை அகற்றலாம், ஆனால் சந்தேகமானதை அகற்றக் கூடாது. நல்ல முட்டை, கெட்டதன் பக்கத்தில் கிடந்தாலும் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடுகிறது. நான் 2020-இல் மஞ்சளாகத் தொடங்கியவற்றை எல்லாம் அவசரமாக வீசினேன். அவற்றுள் எத்தனை உயிருள்ளவையோ என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது.

கெட்ட முட்டையைத் தேடி நுணுக்கமான ஈக்கள் வரும். மூடியில் ஊசித்துளை இரண்டு போதும், அவற்றின் மேலும் மெல்லிய வலைத்துணி ஒட்டுங்கள். எறும்புக்கு என் அம்மா சொன்ன வழிதான்: அக்காலத்துச் சமையலறைகளில் சாப்பாட்டு அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவார்களே, அதுபோல இரண்டாம் பெட்டியை நான்கு கிண்ணங்களின் நடுவே ஒரு முக்காலிப் பலகையில் ஏற்றிவிட்டேன். (முக்காலிக்கு எதற்கு நான்கு கிண்ணம் என்று கேட்காதீர்கள், பெயர் முக்காலி, கால் நான்கு.) வழி சொன்ன கையோடு அம்மா, "வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டாயே" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

5 ஏப்ரல் 2022

இருட்டறையில் கைப்பேசி விளக்கின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தேன். மார்ச்சில் இதே முட்டைகளில் வெறும் வெளிர்மஞ்சள் ஒளிதான் தெரிந்தது. எல்லாம் கூமுட்டை என்று ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தேன். இன்று உட்புறம் இளஞ்சிவப்பாக, அதன் மேல் சிவப்பு நூலிழை போன்ற நாளங்கள் ஓடுவது தெரிந்தது. இந்த இனத்தின் கரு, முட்டை இடப்படும்போது மிகத் தொடக்க நிலையில்தான் இருக்கும். நெடுநாள் மெல்ல நகர்ந்த பிறகே வேகம் பிடிக்கும். ஆகையால் முதல் இரண்டு மாதம் விளக்கு வைத்துப் பார்ப்பது வீண்வேலை, நெஞ்சுவலிக்கும் காரணம்.

கிள்ளான் தம்பி, உங்கள் 41-இல் 9 தங்கியிருப்பதாகவும் அவற்றில் சிவப்பு தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் பச்சோந்தியின் முன்கதையில் ஓர் ஆண் இருந்திருக்கிறான்.

11 ஜூன் 2022

பள்ளி விடுமுறைக்கு ஈப்போ போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் மின்பெட்டியின் விசை விழுந்து, குளிர்பெட்டி அணைந்து கிடந்தது. வெப்பமானி நினைவில் வைத்திருந்த உச்சம் 31. மூடிய குளிர்பெட்டி, குளிரூட்டாதபோது வெறும் மூடிய பெட்டி, காற்றுகூட அசையாது. கட்டிலுக்கு அடியில் கிடந்த ஏழைப் பெட்டியோ, அறைக் குளிரூட்டி ஓடாத நிலையிலும், 29-க்கு மேல் போகவில்லை. பிப்ரவரியில் நான் எழுதிய கணிப்பை யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம். இனி முதல் பெட்டிக்குள்ளும் தண்ணீர்ப் போத்தல் உண்டு. தண்ணீர் மெல்லச் சூடாகி மெல்ல ஆறுவதால் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும்.

12 ஜூன் 2022

முட்டைகள் உயிரோடிருக்கின்றன. பார்த்துவிட்டேன். இனிமேல் பார்க்க மாட்டேன்.

30 ஜூலை 2022

பக்கத்து வீட்டுப் பெரியவர், தம் செம்பருத்திச் செடியில் பச்சோந்தி உட்கார்ந்திருப்பதாகவும் என்னுடையது தப்பிவிட்டதாகவும் சொல்லி அழைத்தார். போய்ப் பார்த்தால் கழுத்துச் சிவந்த ஓணான். நம் நாட்டில் இயற்கையாக வாழும் உண்மையான பச்சோந்தி எதுவுமே இல்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒன்று உண்டு. இங்கே நாம் பச்சோந்தி என்று காட்டுவதெல்லாம் ஓணான், அல்லது பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும் கொண்டைப் பல்லியோந்தி வகை. கண்கள் தனித்தனியே சுழன்றால், கால்விரல்கள் இடுக்கி போல் இரண்டு கட்டாகப் பிரிந்திருந்தால் மட்டும் என்னை அழையுங்கள்.

நேற்று முன்தினம் கட்சித்தாவல் தடுப்புத் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. தமிழ்நாடாக இருந்திருந்தால் என் வளர்ப்புப் பிராணியின் பெயர் அன்று முழுதும் அடிபட்டிருக்கும். மலேசியாவில் கட்சி தாவுவோரைத் தவளை என்பதால் அந்தப் பழி தவளைக்குப் போய்விட்டது.

20 ஆகஸ்ட் 2022

முட்டையைப் பார்க்காதே என்று எனக்கே கட்டளையிட்டதில் ஒரு பயன்: இரையைப் பற்றி நினைக்க நேரம் கிடைத்தது. குஞ்சு வந்த பிறகு இரை தேடினால் கதை முடிந்தது. இங்கே கடைகளில் அரோவானா மீனுக்கும் பறவைக்கும் விற்கும் சிள்வண்டுகள் குஞ்சின் தலையைவிடப் பெரியவை. ஆகவே வளர்ந்த சிள்வண்டுகளை வாங்கி, ஈர நார்த்தூள் வைத்த கிண்ணத்தில் முட்டையிட விட்டேன். நம் வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் கடுகைவிடச் சிறியவை ஊர்ந்து வருகின்றன. முட்டை என்றால் எல்லாம் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள்: பச்சோந்தி முட்டைக்கு ஆகாத அந்தக் குளிர்சாதனப் பெட்டியின் தலை, சிள்வண்டு முட்டைக்குச் சொர்க்கம். பறக்க முடியாத பழ ஈக்களையும் வாழைப்பழக் கூழில் போத்தல்களில் பெருக்கி வருகிறேன். ஊறுகாய்ச் சாடிகளுக்குப் பக்கத்தில் அவற்றை அடுக்கியது பற்றி என் மனைவி கூறியதை இங்கே எழுத இயலாது.

23 ஆகஸ்ட் 2022

கட்டிலடிப் பெட்டி முந்திக்கொண்டது. 205-ஆம் நாள். நேற்றிரவு மூன்று முட்டைகளின் மேல் வியர்வை போலத் துளிகள் நின்றன. இன்று காலை அவை சற்றுத் தளர்ந்து சுருங்கியிருந்தன. 2020-இல் பார்த்திருந்தால் செத்துவிட்டதென்று வீசியிருப்பேன். காலை ஏழு மணிக்கு ஒன்றின் முனையில், பிளேடால் கீறியது போல நட்சத்திர வடிவில் ஒரு பிளவு. அதிலிருந்து தெளிந்த பசைநீர் வடிந்தது. எட்டரைக்கு மூக்கு வெளியே வந்தது. பிறகு நான் பள்ளியிலிருந்து திரும்பிய பிற்பகல் மூன்று வரை அந்த மூக்கு அங்கேயே இருந்தது. மூச்சு விடும்போது ஓரத்தில் ஒரு குமிழி தோன்றித் தோன்றி மறைந்தது. மாலை ஐந்துக்குத்தான் முன்கால் ஒன்று வெளியே வந்து காற்றைப் பற்றியது.

வெளியே வந்தது என் சுண்டுவிரல் நீளம், வாலையும் சேர்த்து. பச்சை நிறம். அரைமணி நேரத்தில் வெர்மிகுலைட் துகள் ஒன்றை முதுகில் சுமந்தபடி பெட்டியின் மூலையில் ஏறப் பார்த்தது.

24 ஆகஸ்ட் 2022

பலர் கேட்டதால்: இல்லை, குஞ்சு வெளியே வர நான் உதவவில்லை. மூக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும் அந்த நேரத்தில் குஞ்சு, மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஒரு பகலோ ஒரு நாளோ ஆகலாம். இழுத்து வெளியே எடுத்தால் கருப்பை கிழிந்து இரத்தம் கசியும்.

25 ஆகஸ்ட் 2022

மேலே கருப்பை என்று எழுதிவிட்டேன். மஞ்சள்கருப்பை என்று படிக்கவும். தமிழாசிரியர்கள் மூவர் தனித்தனியே தனிமடல் அனுப்பிவிட்டார்கள்.

3 செப்டம்பர் 2022

முதல் பெட்டியில் தொடங்கிவிட்டது. 216-ஆம் நாள். சற்றுச் சூடான கட்டிலடிப் பெட்டி முந்தும், குளிர்ந்த இந்தப் பெட்டி பிந்தும் என்பது இதனால் தெரிகிறது. பிந்துவதில் நட்டமில்லை.

8 செப்டம்பர் 2022

குளிர்ந்த பெட்டிக் குஞ்சுகள் பருமனாகத் தெரிகின்றன. என் தராசு முழுக் கிராம்தான் காட்டும். ஒரு குஞ்சை வைத்தால் 1 என்கிறது, அது அசைந்தால் 2 என்கிறது. ஆகவே ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் பொரிந்த அன்றே பத்துப் பத்தாக ஒரு கிண்ணத்தில் இட்டு நிறுத்துக் குறித்து வைத்தேன்: முதல் பெட்டிப் பத்து 13 கிராம், இரண்டாம் பெட்டிப் பத்து 12 கிராம். இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. தாளில் குறித்திருப்பதால் சொல்கிறேன்.

வெப்பநிலையால் ஆண் பெண் மாறுமா என்று பினாங்கிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஆமைக்கு மாறும், இதற்கு மாறாது. பின்னங்காலின் குதியில் சிறு முள் போன்ற புடைப்பு இருந்தால் ஆண். பிறந்த அன்றே பார்க்கலாம், உருப்பெருக்கி இருந்தால் நல்லது.

15 செப்டம்பர் 2022

கணக்கு. முதல் பெட்டி: 20-இல் இரண்டு பூசணம், ஒன்று முழுதாக வளர்ந்தும் உள்ளேயே இறந்தது, 17 பொரிந்தன. இரண்டாம் பெட்டி: 18-இல் ஐந்து பூசணம், இரண்டு உள்ளே இறந்தன, 11 பொரிந்தன. ஆக 28 குஞ்சுகள்.

வெற்றி என்று வாழ்த்துகிறீர்கள். நான் இப்போது நாளொன்றுக்கு மூன்று வேளை தண்ணீர் தெளிக்கிறேன். குஞ்சுகள் கிண்ணத்தில் குடிக்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும், தேங்கிய நீரில் மூழ்கியும் போகும். ஈக்களின் மேல் கால்சியம் தூவுகிறேன். ஒன்றின் வாலை இன்னொன்று கடிக்காமலிருக்க ஏழு தொட்டிகளாகப் பிரித்திருக்கிறேன். இன்னும் சில வாரங்களில் ஒவ்வொன்றுக்கும் தனி வீடு வேண்டும், ஏனெனில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பதே அவற்றுக்குத் தொல்லை. 38 முட்டைகளையும் வைத்தது பேராசை. பன்னிரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை இட்ட அன்றே உறைபெட்டியில் போட்டிருக்க வேண்டும். கரு அப்போது தொடக்க நிலையில் இருப்பதால் வளர்ப்பவர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். இதைப் பிப்ரவரியில் உங்களுக்குச் சொல்லாதது என் தவறு.

விற்கலாமே என்பவர்களுக்கு: பச்சோந்தி, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம், நம்மிடம் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. பெர்ஹிலித்தான் (வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை) அலுவலகத்தில் கேட்டு, உரிமத்தை உறுதிசெய்த பிறகே ஒன்றைக்கூடக் கைமாற்றுவேன். வாங்குவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை இது.

2 அக்டோபர் 2022

கிள்ளான் தம்பி, உங்கள் படத்தைப் பார்த்தேன். 236-ஆம் நாளில் முதல் முட்டை கீறியிருக்கிறது. ஐந்து மணிநேரமாகத் தலை மட்டும் வெளியே இருக்கிறது, இடுக்கியால் முட்டையோட்டைச் சற்று விரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இடுக்கியை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுங்கள். மூடியைப் போடுங்கள். போய்ச் சாப்பிடுங்கள்.

2 அக்டோபர் 2022, இரவு 11.40

ஒன்பது மணிநேரம் என்றாலும் அதே பதில்தான்.

3 அக்டோபர் 2022

காலை ஆறேகாலுக்குக் கிள்ளானிலிருந்து ஒரு படம் வந்தது. பெட்டி மூடியின் உட்புறத்தில், வெப்பமானிக் கம்பியைப் பிடித்தபடி தலைகீழாகத் தொங்குகிறது. பக்கத்திலுள்ள இரண்டு முட்டைகள் வியர்த்திருக்கின்றன. ஈப் போத்தல் ஒன்றைக் கேட்டிருக்கிறார். மாலையில் பள்ளி முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.